பேசில் முகத்தில் விழுந்த ஓட்டுகள்

"அவன்தான் மேடம். திருச்செல்வம்தான். ஆதாரம் மட்டும் புடிச்சுக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

சொன்னவர் நாற்காலிக்குள் அடங்கவில்லை. பெயர் பேசில். வாரநாளில் துறைமுகத்து லோரி ஓட்டுவார். ஞாயிறு வந்தால் கிள்ளான் மல்யுத்த மேடையில் 'இரட்டைக் காளைகள்' ஜோடியில் ஒரு காளை. போன ஞாயிறோடு அந்தப் பட்டம் பறிபோய்விட்டது. யாரும் அவரை அடித்துத் தோற்கடிக்கவில்லை. ஊரார் கைப்பேசியில் ஓட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சந்திரகலாவின் துப்பறியும் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பதினொரு மணிக்கெல்லாம் ரசத்தின் வாசம் படியேறி வந்துவிடும். பாதி வாடிக்கையாளர்கள் கதையை நிறுத்திவிட்டு எச்சில் விழுங்குவார்கள். பேசில் விழுங்கவில்லை, அவ்வளவு கோபம். பக்கத்தில் அவர் மனைவி பெர்னடெட், கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மல்யுத்தம் தெரியாது. மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் சந்திரகலா.

"நான் சொல்றேன்க்கா!" குறுக்கே பாய்ந்தது அவள் உதவியாளன் ஜீவன். முப்பது வயதுக்காரன், ஆனால் வாய்க்கு மட்டும் இன்னும் பத்து வயது தாண்டவில்லை. "மேடைல யாரு யாரைத் தூக்கிப் போடணும், யாரு ஜெயிக்கணும், எல்லாம் முன்னாலயே பேசிப் பழகி வச்சதுதான். எங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி கத்துவோம், அதான் மஜா. ஆனா ஓட்டெடுப்பு மட்டும் சத்தியமா நெஜம். ஒரு தடவ லோகன் பாஸ் அதுலயும் கை வச்சாரு. கூட்டம் தண்ணி போத்தலால அபிஷேகம் பண்ணிடுச்சு. அப்புறம் அவரு அதத் தொடறதே இல்ல."

லோகன் அந்த மேடையின் முதலாளி. யார் யாரோடு மோதலாம், எந்தப் பாட்டோடு உள்ளே வரலாம் என்றெல்லாம் ரசிகர்களையே இணையத்தில் ஓட்டுப் போடச் சொல்வார். போட்டவரின் முகப்படமும் ஊர்ப் பெயரும், அவர் சேர்த்து அனுப்பும் சின்னப் பொம்மையும் அரங்கத்துப் பெரிய திரையில் ஓடும். போன வாரம் இரட்டைக் காளைகளைப் பிரிப்பதென்று முடிவு செய்து, இருவரில் யார் வெளியேற வேண்டும் என்று ஓட்டுக்கு விட்டார். ஜோடியின் மற்றக் காளையான திருச்செல்வம்தான் போவான் என்று லோகன் முதல் கச்சான் கடலை விற்கிறவர் வரை எல்லாரும் நினைத்தார்கள், ஏனென்றால் ரசிகர் கூட்டம் பேசிலுக்குத்தான். ஆனால் ஓட்டு முடியும் நேரத்தில் எங்கிருந்தோ ஓட்டுகள் கொட்டு கொட்டென்று கொட்டி, வெளியே போனது பேசில்.

"பதினேழு வருஷம் மேடம்," என்றார் பேசில். "எம்மவ நடாலி பொறந்தப்ப நான் பினாங்குல மாட்டிக்கிட்டேன். லேபர் வார்டு வாசல்ல நின்னவன் அவன். அப்பேர்ப்பட்டவன் ஆள் வச்சு என்னை வெளிய தள்ளிட்டான். நான் ஃபேஸ்புக் லைவ்ல வந்து ஊருக்கே சொல்லிட்டேன். லோகன் இப்ப அவன ஓட்டுக்கு விட்டிருக்காரு, இன்னிக்கு சாயங்கால ஷோவுல முடியுது. துரோகி இருக்கணுமா, போகணுமான்னு. அது முடியறதுக்குள்ள ஆதாரத்த ஸ்கிரீன்ல போடணும். இனிமே எந்த மேடையிலயும் அவன் ஏறக் கூடாது."

"விட்டுடலாமேங்க," என்றாள் பெர்னடெட், தரையைப் பார்த்துக்கொண்டு. "யாருன்னு தெரிஞ்சு இப்ப என்ன ஆவப் போவுது?"

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது ஷோவுக்கு வந்து பாத்திருக்கியா?"

அவள் கைப்பையின் வாரை மறுபடியும் விரலில் சுற்றினாள்.

இருவரும் படியிறங்கியதும் ஜீவன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். "நான் அப்பவே போட்டுட்டேன்க்கா. திருச்செல்வம், கெட் அவுட்!"

"விசாரணைக்கு முன்னாடியே தீர்ப்பா?"

"நான் ரசிகன்க்கா. ரசிகனுக்கு விசாரணையெல்லாம் சரிப்படாது."

சந்திரகலா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போன வார ஒளிபரப்பைக் கணினியில் ஓடவிட்டாள். திரை முழுக்க முகங்கள். இடப்பக்கம் திருச்செல்வம் போகட்டும் என்றவர்கள், வலப்பக்கம் பேசில் போகட்டும் என்றவர்கள்.

"எடப்பக்கம் என்ன தெரியுது?"

"நம்ம பசங்க. முகமூடி, ஜிம் பாடி, மோட்டார் சைக்கிள். ஒருத்தன் பாம்பக் கழுத்துல போட்டிருக்கான்."

"வலப்பக்கம்?"

ஜீவன் திரைக்கு நெருங்கினான். "ரோசாப்பூ. முருகன். மாதா. பேரப்புள்ள. ரோசாப்பூ. கல்யாண ஃபோட்டோ. மறுபடியும் ரோசாப்பூ." அவன் நிமிர்ந்தான். "அக்கா, இதெல்லாம் விடியக்காலைல குட் மார்னிங் அனுப்பற ஆன்டிங்க!"

"ஊரப் பாரு."

"பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கேரி தீவு... கேரி தீவுல செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல உக்காந்துகிட்டு மல்யுத்தத்துக்கு ஓட்டா? திரு அண்ணே அடியாள் வச்சாருன்னு பாத்தா, ஆன்டிங்கள வச்சிருக்காரு. பயங்கரமான ஆளுலா."

"அவசரப்படாத. ஓட்டோட என்ன பொம்ம அனுப்பியிருக்காங்க?"

"ஹார்ட்டு. கும்பிடற கை. ஹார்ட்டு. ஹார்ட்டு. ஒருத்தவங்க கேக்கு அனுப்பியிருக்காங்க."

"ஒரு மனுசன வெளிய போடான்னு வெரட்டறவங்க ஹார்ட்டா அனுப்புவாங்க?"

"என்னை ஒருத்தி அப்படித்தான்க்கா வெரட்டினா," என்று ஆரம்பித்த ஜீவன் அப்படியே நின்றான். அவன் விரல் திரையில் ஒரு முகத்தின் மேல் இருந்தது. வட்டப் பொட்டு, மூக்குத்தி, பின்னால் ஊறுகாய்ப் போத்தல் வரிசை. "ஐயய்யோ. இது நம்ம கல்லா ஆன்டி!"

கீழ்க்கடையில் கல்லாவில் உட்காருகிற நல்லம்மாள்தான் அது. துப்புத் துலக்க ஒரு மாடி இறங்கினால் போதும் என்பது ஜீவனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. போகிற வழியிலேயே ஒரு வடையையும் எடுத்துக்கொண்டான்.

"ஆன்டி, போன வாரம் மல்யுத்தத்துக்கு ஓட்டுப் போட்டீங்களாமே?" என்று கேட்டாள் சந்திரகலா.

நல்லம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஆமாலா கலா! நம்ம பேசில் தம்பிக்குத்தான். நேர்ல பாத்ததில்ல, ஆனா நல்ல புள்ளையாம். படத்தப் பாத்தேன், சிரிச்ச முகம். அமுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரரு போன்லயும் அமுக்கினேன். மருமவ குளிக்கப் போனா, அவ போன்லயும் அமுக்கினேன்."

ஜீவன் வடையைக் கடிக்கப் போன வாயை மூடிக்கொண்டான்.

"படத்துக்கு மேல என்ன கேட்டிருந்தாங்கன்னு பாத்தீங்களா ஆன்டி?"

"பொடி எழுத்து, இங்கிலீஷு வேற. அத எதுக்குப் படிக்கணும்? டிவில பாட்டுப் போட்டி ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து ஓட்டுப் போடறவ நான். யாரப் புடிச்சிருக்கோ அவங்க மூஞ்சிய அமுக்கணும். இது கூடவா தெரியாது?" அவள் கல்லாவின் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "தம்பி ஜெயிச்சிட்டாருல்ல?"

சந்திரகலா எத்தனையோ பொய்யர்களைக் கண் இமைக்காமல் பார்த்தவள். இந்த ஒரு கேள்விக்கு அவளால் நல்லம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நெறைய ஓட்டு விழுந்துச்சு ஆன்டி," என்றாள்.

"அப்பாடா," என்றாள் நல்லம்மாள். "புண்ணியமாப் போச்சு."

யார் வெளியேற வேண்டும் என்று கேட்ட இடத்தில், பிடித்தவர் முகத்தை அமுக்கியிருக்கிறார்கள். பேசிலை விரோதி எவனும் தள்ளவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்த அத்தனை பெண்களும் சேர்ந்து, ஹார்ட்டும் கேக்கும் வைத்து, அன்பாக வழியனுப்பியிருக்கிறார்கள். ஜீவனுக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

"உங்களுக்கு யாரு ஆன்டி சொன்னா?"

"செந்தூல் குமுதா அனுப்பினா. அவளுக்குக் கேரி தீவுலேர்ந்து வந்துச்சாம். இந்தா, நீயே கேளு."

குரல் பதிவு ஓடியது. "ஆன்டிங்களா, அக்காங்களா, ஒரு சின்ன ஹெல்ப். இந்த லிங்க்க தொறந்தா ரெண்டு படம் வரும். சிரிச்ச முகமா இருக்கறவருதான் என் வீட்டுக்காரரு பேசில். அவரு படத்த அமுக்குங்க. ஒரு ஹார்ட் போடுங்க. தெரிஞ்ச குரூப்புக்கெல்லாம் அனுப்பி விடுங்க, ப்ளீஸ். அவருக்கு இதுன்னா உசிரு."

பெர்னடெட்டின் குரல். சற்று முன்பு மாடியில், விட்டுடலாமே என்று கெஞ்சிய அதே குரல்.

கடைக்கு வெளியே வந்ததும் ஜீவன் கைப்பேசியை எடுத்து எங்கெங்கோ அமுக்கினான். "அக்கா, போட்ட ஓட்டத் திரும்ப எடுக்க முடியுமாக்கா?"

"முடியாது."

"ஒண்ணுமே செய்யாத மனுசன நானும் தள்ளிட்டேனேக்கா."

"வண்டிய எடு."

கிள்ளான் போகிற சாலை ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜீவன் வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை, சந்திரகலாவே வானொலியைத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

பேசில் ஷோவுக்குப் போயிருந்தார், பெர்னடெட்தான் வீட்டுக் கதவைத் திறந்தாள். இருவரின் முகத்தையும் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க," என்றாள். அப்படியே செருப்பு வைக்கிற படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சந்திரகலாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்பத் தெரிஞ்சுச்சு?"

"அன்னிக்கு சாயங்காலமே. எல்லாரையும் எனக்கு ஓட்டுப் போடச் சொல்லுன்னு அவருதான் லிங்க் அனுப்பினாரு. அவருக்குன்னா அவரு படத்துலதானே போடணும்? அவரு அடி வாங்கறத என்னால பாக்க முடியாது, அதனால அந்தப் பக்கமே போவ மாட்டேன். எனக்கு என்ன தெரியும்? எத்தன பேரு போட்டாங்கன்னு பெருமையா உக்காந்திருந்தேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வந்தாரு. அழுதாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அவரு அழுது பாத்ததில்ல. திரு என்னை வித்துட்டான்னாரு. அந்த நேரத்துல நான்தான்னு எப்படிச் சொல்றது? காலைல சொல்லலாம்னு இருந்தேன். காலைல அவரு லைவ்ல பேசிட்டாரு. ஊரே திருவத் திட்ட ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுகிட்டுச் சொல்லுவேன்?"

"திரு உங்களுக்கு போன் பண்ணாரா?"

"பண்ணாரு. அண்ணி, நான் செய்யல அண்ணி, நீங்களாவது சொல்லுங்கன்னாரு. நான்... சரிப்பான்னு வச்சிட்டேன்." இப்போது அவள் விம்மினாள். "அவரு ஏர்கோன் ரிப்பேர் வேலை பாக்கறவரு. வேலைக்குக் கூப்பிட்ட வீட்லயே நீதானே அந்த துரோகின்னு கேட்டு வாசல்லயே அனுப்பிட்டாங்களாம். நான் பாவி. படத்த அமுக்கினது கூடப் பரவால்ல. இத்தன நாளு வாய மூடிகிட்டு இருந்தேனே, அதுக்கு என்ன பேரு?"

ஜீவன் தன் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க வீட்டுக்காரரு என் கட்சிக்காரரு," என்றாள் சந்திரகலா. "அவரு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆவணும். ஆனா அது உங்க வாயாலயும் வரலாம், என் வாயாலயும் வரலாம். ஓட்டு இன்னும் முடியல."

பெர்னடெட் எழுந்து செருப்பை மாட்டினாள்.

அரங்கம் ஒரு பழைய பூப்பந்து மண்டபம். உள்ளே சத்தம் காதைப் பிளந்தது. மேடையின் ஒரு மூலையில் திருச்செல்வம், கையைக் கட்டிக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல் நின்றான். எதிர்மூலையில், குற்றம் சாட்டியவர் என்று லோகன் அழைத்து நிறுத்திய பேசில். மேலே திரையில் இரண்டு கோடுகள். 'போகட்டும்' என்ற சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. 'இருக்கட்டும்' நகரவே இல்லை. துரோகி, துரோகி என்று கூட்டம் தாளம் போட்டது.

பெர்னடெட்டுக்குக் கயிற்றைத் தாண்டி ஏறத் தெரியவில்லை. ஜீவன்தான் கயிற்றை அகட்டிப் பிடித்தான். அவள் லோகன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். பேசில் திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"திரு ஒண்ணும் செய்யல," என்றாள். "நான்தான் செஞ்சேன். தெரியாம எல்லாரையும் எங்க வீட்டுக்காரரு படத்த அமுக்கச் சொல்லிட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

மண்டபத்தில் கூரை இடிகிற மாதிரி கைத்தட்டல்.

"பொண்டாட்டியே வில்லியா! செம ட்விஸ்ட்டுலா!" என்றான் ஜீவனுக்குப் பின்னாலிருந்த ஒருவன்.

"இது நடிப்பு இல்லீங்க," என்றாள் பெர்னடெட் அழுதுகொண்டே. "மாதா மேல சத்தியமா நடிப்பு இல்ல."

விசில் இன்னும் பலமாகப் பறந்தது. அவள் அழ அழ, இவர்கள் தட்டினார்கள். வருஷக்கணக்காகப் பொய்யை மெய் மாதிரி ரசித்துப் பழகிய கூட்டத்துக்கு, மெய் வந்து கண்ணெதிரே நின்றபோது அடையாளம் தெரியவில்லை. லோகனுக்கோ கூட்டத்தின் நாடி தெரியும். பழைய ஓட்டெடுப்பைச் சட்டென்று இறக்கிவிட்டு, திரையில் புதிதாக ஒன்றை ஏற்றினார்: 'பெர்னடெட்டை மன்னிக்கலாமா?'

ஆயிரம் விரல்கள் பரபரத்தன. 'மன்னிக்கலாம்' என்ற பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறியது. முகமூடி, ஜிம் பாடி, பாம்புக்காரன் எல்லாரும் மன்னித்தார்கள். பக்கத்திலிருந்தவன், "நீ போடலையா பிரதர்?" என்று ஜீவனைக் கேட்டான். ஜீவன் கைப்பேசியைச் சந்திரகலாவிடம் கொடுத்துவிட்டான்.

பெர்னடெட் திரையைப் பார்க்கவில்லை. திருச்செல்வத்தைத்தான் பார்த்தாள். அவன் மூலையிலிருந்து நடந்து வந்தான். மைக்கை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தான். மேடையை ஒட்டி நின்ற சந்திரகலாவுக்கும் ஜீவனுக்கும் மட்டும்தான் அவன் பேசியது கேட்டது.

"அண்ணி, அழாதீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. பாசத்துல அமுக்கிட்டீங்க, பயத்துல மறைச்சிட்டீங்க. நான் உங்க எடத்துல இருந்தாலும் பயந்திருப்பேன்."

பிறகு பேசில் பக்கம் திரும்பினான்.

"உன்னைத் தலைகீழாத் தூக்கறப்பல்லாம் உன் கழுத்து என் கைலதானடா இருக்கும்? நான் ஒரு விரல் நழுவ விட்டிருந்தா நீ இன்னிக்கு நடக்க மாட்ட. அப்பல்லாம் என்னை நம்பின. ஸ்கிரீன்ல நாலு கோடு ஏறினதும் ஊரக் கூட்டிச் சொல்லிட்ட. என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டியாடா?"

திருச்செல்வம் கயிற்றைத் தூக்கிக் குனிந்து இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனான். மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு என்று மண்டபம் கத்திக்கொண்டிருந்தது.

பேசில் சந்திரகலாவிடம் வந்தார். ஆதாரம் பிடித்துக் கொடுங்கள் என்று காலையில் கொதித்த மனிதர் மாதிரியே இல்லை.

"நான் போய்க் கூப்ட்டா வருவானா மேடம்?"

"தெரியல," என்றாள் சந்திரகலா. "போங்க. சீக்கிரம் போங்க."

அவர் மேடை உடுப்போடு ஓடினார். சண்டை வெளியே தொடர்கிறது என்று நினைத்துப் பாதிக் கூட்டம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது. வெளியே வெயில் இன்னும் சுட்டது. திருச்செல்வத்தின் வேன் மெல்ல முன்னால் நகரத் தொடங்கியிருந்தது. பேசில் அதன் முன்னால் போய் நின்று, சூடான பானெட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"எம்மேலதான்டா தப்பு!" என்று கத்தினார். "நான்தான் துரோகி. எல்லாரும் எடுத்துக்குங்க, லைவ்ல போடுங்க. நான்தான்!"

"சூப்பர்ணே!" என்றது கூட்டம். ஓட்டு எங்கே போடுவது என்று ஒருவன் கேட்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் திருச்செல்வம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து என்ஜினை அணைத்தான். ஆனால் கதவைத் திறக்கவில்லை. பேசில் கையை எடுக்காமல் அங்கேயே நின்றார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து உள்ளே போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.